மணல்மேட்டில் மூன்று பேர்

எம்பயர், மிச்சிகன்
ஞாயிறு, ஏப்ரல் 6, 1986

அன்புள்ள கார்லா,

நேற்று சாயங்காலம் நான் ஸ்லீப்பிங் பேர் மணல்மேட்டின் உச்சியில் கால்சட்டை இல்லாமல் நின்றுகொண்டு, அந்தக் கால்சட்டையையே உன் கப்பலைப் பார்த்து ஆட்டினேன். வேறு யாராவது உன் காதில் போடுவதற்குள் நானே எழுதிவிடுவது நல்லது என்று உன் அம்மா சொல்கிறாள். போனில் பேசினால் நீயும் நானும் கத்துகிறோம் என்று அவள் போட்ட தடை இன்னும் அமலில் இருக்கிறது. ஆகவே கடிதம்.

நடந்ததைச் சொல்கிறேன். நீ சனிக்கிழமை கிளம்புவதாக அம்மாவுக்கு எழுதியிருந்தாய். மானிட்டூ தீவுகளுக்கும் நம் கரைக்கும் நடுவே இருக்கிற வழியாகத்தானே கப்பல்கள் சிகாகோ பக்கம் இறங்குகின்றன, மேட்டில் நின்றால் தெரியும் என்று கணக்குப் போட்டேன். கரையோரமாக நடக்க முடியவில்லை. இந்த வருஷம் ஏரி பெருத்துக்கொண்டு கரையைத் தின்றுவிட்டது. மணல் இருந்த இடத்தில் பனிக்கட்டிக் குவியல்கள் அழுக்குத் துணி மாதிரி கிடக்கின்றன. அதனால் உள்பக்கமிருந்து மேடு மேடாக ஏறினேன்.

உனக்கே தெரியும், நான் குளிர்காலம் முழுக்க ரோட்டு இலாகா லாரியில் பனியைத் தள்ளுகிறவன். ஏப்ரலில் அதே லாரியில் ரோட்டின்மேல் வந்து விழுந்த மணலைத் தள்ளுகிறவன். பனியையும் மணலையும் பற்றி இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் கிடையாது என்று நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். குளிர்காலக் காற்று பனியின்மேல் மணலைப் போர்த்திவிட்டுப் போகும். பார்த்தால் கெட்டித் தரை. ஏப்ரல் வெயிலில் அடியில் இருக்கிற பனி கரைந்து, மேலே மணல் மட்டும் கூரையாக நிற்கும். இதெல்லாம் தெரிந்தவன்தான் அதன் நட்டநடுவில் காலை வைத்து இடுப்புவரை போனேன். அரைமணி நேரம் தவழ்ந்து வெளியே வந்தபோது பூட்ஸுக்குள் ஏரி, கால்சட்டைக்குள் ஏரி. உச்சியில் நல்ல வெயில். சுற்றிலும் ஆள் இல்லை. கழற்றிப் பிழிந்தேன். சிவப்புக் கம்பளி உள்ளாடை இருந்ததே, மானத்துக்குக் குறைவில்லை.

அப்போது பார்த்து முனையைச் சுற்றிக்கொண்டு கப்பல் வந்தது. கறுப்புப் புகைக்கூண்டு, நடுவில் மஞ்சள் பட்டை. உன் கம்பெனி. நான் யோசிக்கவே இல்லை, கையில் இருந்ததை ஆட்டினேன். கப்பல் பதில் ஊதியது பார், மூன்று நீளம், இரண்டு குட்டை! கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், பின்னால் அம்மாவின் சர்ச் பாடகர் குழுவிலிருந்து ஹுல்டா நோவாட்னியும் அவள் தங்கையும் நடைக்குச்சியோடு நிற்கிறார்கள்.

"என்ன எல்மர், குளிரலையா?" என்றாள் ஹுல்டா.

"என் பொண்ணு கப்பல்" என்றேன்.

"சரிதான். அதுக்கு முதல்ல கால்சட்டையைப் போடு."

என்னைப் பார்த்தாயா? எழுது. இன்னொன்று, பள்ளிப் பேருந்துக் கொட்டகையில் திருமதி ப்ளாமண்டன் அந்த அலுவலக நாற்காலியை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. சூடான அறை, போனை எடுத்துப் பேசுகிற வேலை. சும்மா சொல்லி வைக்கிறேன்.

அப்பா


ஸ்டர்ஜன் பே, விஸ்கான்சின்
ஏப்ரல் 11

அப்பா,

அது எங்கள் கப்பல் இல்லை.

நாங்கள் இன்னும் பழுதுபார்க்கும் துறையிலேயே கட்டிக் கிடக்கிறோம். கொதிகலனில் குழாய் மாற்றுகிறார்கள், நாளைக்குத்தான் கிளம்புகிறோம். நான் இருப்பது 'ஹோமர் ரீட்ஸ்'. நீங்கள் கால்சட்டை ஆட்டியது 'ஆலிஸ் ரீட்ஸ்' என்கிற கப்பலுக்கு. ஹோமர், செத்துப்போன பழைய முதலாளி. ஆலிஸ் அவருடைய மனைவி. ஒரே கம்பெனி, ஒரே புகைக்கூண்டு. இன்னொருத்தன் பெண்டாட்டிக்கு முன்னால் உள்ளாடையோடு நின்றிருக்கிறீர்கள்.

ரேடியோவில் ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்குத் தாவித் தாவி விஷயம் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. "ஸ்லீப்பிங் பேர் மேட்டுல ஒருத்தன் செகப்பு உள்ளாடையில துணி ஆட்டுறான். உசுருக்கு ஆபத்தா, இல்ல கல்யாணமான்னு தெரியல. எதுக்கும் ஒரு வணக்கம் ஊதிட்டோம்" என்றார்களாம். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் புரண்டு புரண்டு சிரித்தார்கள். நானும் குனிந்து சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தாங்காமல், "அது எங்கப்பா" என்றேன். பிறகு சமையல்காரர் எனக்கு இரண்டாவது துண்டு செர்ரி பை வைத்தார், அனுதாபத்தில்.

அதெல்லாம் போகட்டும். எனக்குக் கோபம் வேறு விஷயத்தில். சர்ச்சில் மீன் விருந்தன்று எல்லோர் முன்னாலும், "அவ மூணு வாரம் தாங்கமாட்டா, அழுதுக்கிட்டே பஸ் ஏறி வந்துடுவா" என்று பட்டறைக்கார வெர்னிடம் பந்தயம் கட்டினீர்களாம். அம்மா எழுதினாள். நான் மூன்று வருஷமாகத் தளத்தில் கயிறு இழுக்கிறேன், வருஷா வருஷம் பனிக்காலத்துக்குத்தான் வீட்டுக்கு வருகிறேன். இன்னும் உங்களுக்கு இது சுற்றுலாவா? இந்த முறை மார்ச்சில் நான் சொல்லாமல் கிளம்பியது, நான் கேட்காத அந்த நாற்காலியை நீங்கள் எனக்காக வாங்கி வைத்ததால்தான்.

கை அசைக்க வேண்டாம். எதையும் அசைக்க வேண்டாம்.

கார்லா


எம்பயர்
ஏப்ரல் 15

அன்புள்ள கார்லா,

உன் கடிதத்தை அஞ்சலகத்து வாசலிலேயே நின்று படித்தேன். ஹுல்டா அந்தப் பக்கமாகப் போனவள், "கப்பல்ல பார்த்தாங்களாமா?" என்று கேட்டாள். "கப்பல் மாறிப்போச்சு" என்றேன். இன்றைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ரேடியோ எல்லாம் அவளிடம் பிச்சை வாங்க வேண்டும்.

பந்தயத்தை வாபஸ் வாங்கலாம் என்று வெர்னின் பட்டறைக்குப் போனேன். "பந்தயம்னா பந்தயம்தான். மூணு வாரம் முடிஞ்சாச்சு, ஸ்மெல்ட் மீன் வறுத்துப் போடுடா" என்கிறான். சனிக்கிழமை அவனுக்கும் அவன் மைத்துனனுக்கும் நான் ஆற்றில் வலை போட்டு மீன் பிடித்து, சுத்தம் செய்து, வறுத்துப் போட வேண்டும். பிடித்தது கொஞ்சம்தான், தின்றது மைத்துனன்தான் என்று ஆகப்போகிறது. தண்டனை போதாது என்று நீ நினைத்தால் எழுது, கசகசா வைத்த கோலாச்சி பன்னும் சேர்த்துக்கொள்கிறேன்.

அதை ஏன் சொன்னேன் என்று கேட்டால், சிரிக்கவைக்கச் சொன்னேன். நவம்பர் புயலில் நீ தளத்தில் நிற்பதை நினைத்தால் எனக்கு லாரியின் கியர் மறந்துபோகிறது. அதை அப்படியே சொன்னால் வெர்ன் என்னை எப்படிப் பார்ப்பான்? அதனால் வேடிக்கையாகச் சொன்னேன். வேடிக்கை உன் காதில் வேறு மாதிரி விழுந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மேட்டுக்குப் போனேன். கப்பலுக்காக இல்லை, வழி பார்த்து வைக்க. இந்தத் தடவை ஒரு கம்பை எடுத்துப்போய் ஒவ்வொரு அடிக்கும் மணலைக் குத்திப் பார்த்து நடந்தேன், கண் தெரியாதவன் மாதிரி. காலையில் மேல் மணல் உறைந்து பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. காட்டுக்குள் வடக்குச் சரிவில் இன்னும் பனி. அதன் விளிம்பிலேயே, காய்ந்த இலைகளை முட்டிக்கொண்டு, ஊதாவாக ஹெபாடிகா பூத்திருக்கிறது. தண்டெல்லாம் மயிர், பூனைக்குட்டிக் கால் மாதிரி. அந்தக் குளிரில் அவ்வளவு மெலிசான ஒன்று தைரியமாக நிற்பதைப் பார்த்து, தொப்பியைக் கழற்றலாமா என்று தோன்றியது. கழற்றவில்லை. என் சரித்திரம் அப்படி, எதையும் கழற்ற யோசனையாக இருக்கிறது.

மேலே ஏறினால் காற்றைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஒற்றைப் புல் ஒன்று காற்றில் சாய்ந்து சாய்ந்து, தன்னைச் சுற்றி மணலில் ஒரு வட்டம் கீறியிருந்தது. ஸ்கூலில் காம்பஸ் வைத்துக்கூட எனக்கு அப்படி ஒரு வட்டம் வந்ததில்லை. (அதனால்தான் எட்டாவதோடு ஆசிரியர்களும் நானும் சமாதானமாகப் பிரிந்தோம்.) பழைய காடு ஒன்றை மணல் மூடி, திரும்பத் திறந்துவிட்டிருக்கிறது. பட்ட மரங்கள் வெள்ளையாக நிற்கின்றன. அவற்றுக்கு அப்பால் ஏரி, உள்ளே போகப் போகப் பச்சை, பிறகு நீலம், பிறகு கறுப்பு. ஐம்பத்தோரு வருஷமாகப் பார்க்கிறேன். இன்னும் எனக்குப் பழகவில்லை.

நீ கடக்கும்போது சொல். எதையும் அசைக்கமாட்டேன்.

அப்பா


சூ செயின்ட் மேரி மதகு
ஏப்ரல் 20

அப்பா,

இங்கே கப்பலை மேல் ஏரிக்குத் தூக்கத் தண்ணீர் ஏறுவதற்குக் காத்திருக்கும் நேரத்தில் எழுதுகிறேன். மதகுக்காரரிடம் கொடுத்தால் தபாலில் போட்டுவிடுவார்.

உங்களிடம் ஒன்றைச் சொல்லவில்லை. இந்தப் பருவம் நான் தளத்தில் இல்லை, சுக்கான் பிடிக்கிறேன். சோதனைக்காக. பழைய சுக்கான்காரர் மே மாதம் ஓய்வு பெறுகிறார். கேப்டன் என்னை முயற்சி செய்து பார்க்கச் சொன்னார். நன்றாகப் பிடித்தால் அந்த இடம் எனக்கு. சொன்னால் நீங்கள் ஊரெல்லாம் சொல்வீர்கள், பிறகு நான் தோற்றால் ஊரெல்லாம் தெரியும் என்று பயந்தேன்.

தோற்கப்போகிறேன் போலிருக்கிறது. போன வாரம் சுமையோடு இந்த மதகுக்குக் கீழே ஆற்றில் இறங்கும்போது, ஒரு வளைவில் சுக்கானைக் கொஞ்சம் அதிகம் திருப்பிவிட்டேன். இரும்புத் தாது ஏற்றிய கப்பல் திரும்ப மனசு வைக்கவே நேரமாகும், திரும்ப ஆரம்பித்தால் நிற்க மனசு வராது. அது ஆரம்பிப்பதற்கு முன்பே நாம் நிறுத்த ஆரம்பிக்க வேண்டும். நான் காத்திருந்துவிட்டேன். பின்புறம் கரைப் பக்கமாக வீசிக்கொண்டு போனது. துணைக் கேப்டன் பெர்க்ஸ்ட்ராம், "கையை எடு கோலாரிக்!" என்று என்னிடம் கத்திக்கொண்டு வந்து தானே பிடித்தார். எதுவும் ஆகவில்லை. ஆனால் எல்லோர் முன்னாலும். பிறகு, "இது சைக்கிள் இல்லம்மா, திருப்புன ஒடனே திரும்புறதுக்கு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், அதுதான் மோசம்.

அன்று முதல் சுக்கானைத் தொட்டாலே கை குளிர்ந்துவிடுகிறது. அடுத்த இறக்கத்தில் மானிட்டூ வழியில் நான்தான் பிடிக்க வேண்டும் என்று கேப்டன் சொல்லிவிட்டார். அதைப் பார்த்து முடிவு சொல்வாராம். இடம் கிடைக்காவிட்டால் மறுபடி கயிறு இழுக்கப் போகமாட்டேன் அப்பா. சுக்கானைத் தொட்டுவிட்டுத் திரும்பத் தளத்துக்கு இறங்க என்னால் முடியாது. வீட்டுக்கு வந்துவிடுவேன்.

அந்த நாற்காலி இன்னும் காலியாக இருக்கிறதா? கேலி செய்யாமல் பதில் எழுதுங்கள். வியாழக்கிழமை இங்கே திரும்ப வருவோம், தபால் கிடைக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே உங்கள் மேட்டைக் கடப்போம். வருவதென்றால் வாருங்கள். எனக்குத் தெரியவேண்டாம்.

கார்லா


எம்பயர்
ஏப்ரல் 22

கார்லா,

நாற்காலி இருக்கிறது. மே முதல் தேதி வரை. நீ வந்தால் உன்னுடையது, வராவிட்டால் திருமதி ப்ளாமண்டன் தன் அக்கா மகளுக்குக் கொடுப்பாள். அக்கா மகளும் நல்ல பெண்தான்.

இதற்கு மேல் நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். ஒன்றில் உன்னை வரச் சொன்னேன், இன்னொன்றில் வராதே என்று சொன்னேன். இரண்டையும் படித்துப் பார்த்தால் இரண்டிலும் நான்தான் அதிகமாக இருந்தேன்.

அம்மா உனக்குக் கையுறை பின்னியிருக்கிறாள். இத்துடன் இருக்கிறது. மெல்லிசு நூல், சுக்கான் சக்கரம் வழுக்காதாம்.

அப்பா


கேரி, இண்டியானா
ஏப்ரல் 26
(அஞ்சலட்டை)

அப்பா, அம்மா,

கேப்டன் கொடுத்துவிட்டார். குளிர்காலத்துக்குக் கப்பலைக் கட்டும்வரை சுக்கான் எனக்கு. பெர்க்ஸ்ட்ராம் தன் காப்பியில் பாதியை என் கோப்பையில் ஊற்றினார். அவரிடமிருந்து அது பெரிய பேச்சு. திருமதி ப்ளாமண்டனிடம் நன்றி சொல்லி, அக்கா மகளை உட்காரச் சொல்லுங்கள்.

மேட்டின்மேல் மூன்று பேர் நிற்பதாகப் பெர்க்ஸ்ட்ராம் தொலைநோக்கியில் பார்த்துச் சொன்னார். "உங்கப்பாவா?" என்றார். யாராவது எதையாவது ஆட்டுகிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். "அப்படின்னா எங்கப்பா இல்ல" என்றேன்.

வந்தீர்களா, இல்லையா?

கார்லா


எம்பயர்
செவ்வாய், ஏப்ரல் 29

அன்புள்ள கார்லா,

அந்த மூன்று பேரில் ஒருவன் நான்தான். இடது ஓரம். கைகள் இரண்டும் கோட்டுப் பைக்குள்.

உன் அட்டையை அம்மா கண்ணாடியின் சட்டத்தில் செருகி வைத்திருக்கிறாள். நான் முகம் சவரம் செய்ய முடியாமல் அதையே படித்துக்கொண்டிருக்கிறேன். வெர்ன் வந்து பார்த்துவிட்டு, "பந்தயத்துல தோத்ததுக்கு இப்படி இளிக்கிறவனை இப்பத்தான்டா பாக்கிறேன்" என்றான். அக்கா மகள் திங்கட்கிழமையே உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் போன் குரல் இருக்கிறது, உன்னிடம் கிடையாது.

வெள்ளிக்கிழமை சீக்கிரமே லாரியை விட்டுவிட்டு மேட்டில் ஏறினேன். மணலுக்கு அடியில் இருந்த பனியெல்லாம் போய்விட்டது. இப்போது அங்கங்கே கிண்ணம் கிண்ணமாகப் பள்ளம். காட்டுக் குட்டைகளில் தவளைகள் ஒரே சமயத்தில் கத்தி, நான் கிட்டே போனதும் ஒரே சமயத்தில் நிறுத்தின. மேலே ஏறியதும் காற்று முகத்தில் மணலை அறைந்தது. தென்மேற்குக் காற்று, உனக்கு எதிரும் பக்கவாட்டுமாக. என் லாரியே அந்தக் காற்றில் ரோட்டோரம் ஒதுங்கும். ஆகா, இன்றைக்குப் பார்த்தா என்று காற்றைத் திட்டினேன்.

உச்சியில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். கிராண்ட் ராபிட்ஸிலிருந்து வந்த கணவன் மனைவி. பிளாஸ்க், முக்காலி, நல்ல தொலைநோக்கி. அந்த ஆள் கடற்படையில் இருந்தவராம். நான் உள்ளூர்க்காரன் என்றதும் இடம் விட்டு, காப்பி கொடுத்தார்கள். வழக்கமாக இந்த மாதிரி ஆட்கள் கிடைத்தால் நான் விடமாட்டேன், உனக்குத் தெரியும். பனிக்கட்டியில் லாரி சுற்றிய கதையிலிருந்து ஆரம்பித்திருப்பேன். அன்று காப்பியை மட்டும் குடித்தேன்.

தீவுக்குப் பின்னாலிருந்து நீ வந்தாய். முதலில் புகை. பிறகு அந்த நீளம். ஏரியடித் திட்டில் நிற்கிற கலங்கரை விளக்கத்தை நெருங்கியபோது திரும்ப வேண்டிய இடம் வந்தது. நான் காத்திருந்தேன். திரும்பவில்லை. இன்னும் திரும்பவில்லை. அப்புறம் எனக்கு உறைத்தது, நீ எப்போதோ திருப்பிவிட்டாய், கப்பல் இப்போதுதான் மனசு வைக்கிறது. முன்பக்கம் மெதுவாக, மாட்டின் தலை மாதிரி, இந்தப் பக்கமாக வந்தது. வந்துகொண்டே இருந்தது. இனிமேல் நிற்காது என்று நான் நினைத்த இடத்தில் நின்றது. நீ ஆற்றில் காத்திருந்ததுபோல் அந்த ஒரு நொடி இங்கே காத்திருக்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கப்பலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் முப்பது வருஷமாகப் பனி தள்ளும் லாரியை ஓட்டுகிறவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் எப்படிப் போகிறோம் என்று பார்க்கமாட்டான், கண்ணாடியில் பின்னால் பார்ப்பான். ரோட்டில் விழுந்த கோடுதான் கை எப்படி இருந்தது என்று சொல்லும். கை பயந்தால் கோடு நெளியும். நான் உன் கப்பலை விட்டுவிட்டுப் பின்னால் தண்ணீரில் விழுந்த கோட்டைப் பார்த்தேன். வளைவு முடிந்த இடத்தில் ஒரு சின்ன நெளிவு, பயந்த கை. உடனே சரியானது. அங்கிருந்து, பக்கவாட்டில் அலை வந்து மோதிக்கொண்டே இருக்க, கோடு நேராக விழுந்தது. நேராக என்றால், வெயில் சாய்ந்து அதன்மேல் பட்டபோது ஏரியை யாரோ கத்தரிக்கோலால் வெட்டியது மாதிரி. என் வாழ்நாளில் நான் அப்படி ஒரு கோடு போட்டதில்லை, காய்ந்த ரோட்டில்கூட.

மேட்டைக் கடக்கும்போது ஊதல் ஒன்றும் இல்லை. நல்ல வேளை. நீ வேலையில் இருந்தாய்.

கடற்படைக்காரர் தொலைநோக்கியை இறக்கவே இல்லை. "இந்தக் காத்துல பாரேன், கயிறு பிடிச்சு இழுத்த மாதிரி போவுது. யாரு ஓட்டுறாங்களோ, கை சுத்தமான கை" என்றார்.

"கேப்டனா இருக்கும். தலை நரைச்ச ஆளு. இதெல்லாம் ஒரு நாள்ல வருமா?" என்றாள் மனைவி.

பிறகு என்னிடம் திரும்பி, "நீங்க உள்ளூருதானே, யாருன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

கேட்டே விட்டாள், கார்லா. மூன்று வாரமாக நான் அந்தக் கேள்விக்காகத்தான் அந்த மேட்டில் ஏறி இறங்கியிருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் பர்ஸில் உன் படம் இருந்தது. பதிலைச் சொன்னால் அந்த ஆள் என் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பார், இன்னொரு கோப்பை காப்பி ஊற்றியிருப்பார்கள், இருட்டும்வரை நான் பேசியிருப்பேன். கோடு போட்டது நீ, கைகுலுக்கல் வாங்குவது நானா?

"இத்தனை தூரத்துல என்ன தெரியும்மா" என்றேன். அவளும் விட்டுவிட்டாள். மூன்று பேரும் கப்பல் எம்பயர் முனையைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லாமல் வைத்திருந்தது இதுதான்: "அது என் பொண்ணு."

அப்பா